ஃபயர்பாக்ஸ் செய்தால் சரி, குரோம் செய்தால் தப்பா?

குரோம் எக்ஸ்டென்ஷன்களுக்குக் கூகுள் கொண்டுவந்த புதிய விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3 பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், சற்று நேரத்தில் யாராவது வந்து இந்தக் கேள்வியைப் போட்டுவிடுகிறார்கள். 2017-இல் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா ஒரே வெளியீட்டில் ஆயிரக்கணக்கான பழைய ஆட்-ஆன்களை (பிரவுசருக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்களை) ஓடவிடாமல் செய்தது. வேகம், பாதுகாப்பு, நிலைத்தன்மை என்று மூன்று காரணம் சொன்னது. விவரம் தெரிந்தவர்கள் முணுமுணுத்தபடியே ஏற்றுக்கொண்டார்கள். கூகுள் அதே மூன்று காரணத்தைச் சொல்லி யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை குரோமிலிருந்து வெளியேற்றினால் மட்டும் ஏன் இந்தக் குதி குதிக்கிறார்கள்? ஃபயர்பாக்ஸ் மீது பாசம், கூகுள் மீது கடுப்பு, அவ்வளவுதானே?

கேள்வி நியாயமானது. ஆனால் இதற்கு வழக்கமாக வரும் பதில் சரியில்லை. "கூகுள் ஒரு விளம்பரக் கம்பெனி" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கம்பெனியின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்டவர் கேட்டது பொறியியல் பற்றி. நோக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, எந்த நிரல் எந்தத் திரெட்டில் (ஒன்றன்பின் ஒன்றாக வேலை நடக்கும் வரிசையில்) ஓடியது, யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று மட்டும் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதி மொசில்லாவுக்கும் கொஞ்சம் சங்கடமானது.

எல்லாம் ஒரே திரெட்டில் ஓடிய காலம்

2004 நவம்பர் 9 அன்று வந்த ஃபயர்பாக்ஸ் 1.0-இல் ஆட்-ஆன் என்பது இன்று நாம் எக்ஸ்டென்ஷன் என்று சொல்லும் பொருளே இல்லை. ஃபயர்பாக்ஸின் ஜன்னல், மெனு, டேப் எல்லாமே சூல் என்ற எக்ஸ்எம்எல் மொழியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் எழுதப்பட்டிருந்தன. ஆட்-ஆன் கொண்டுவரும் ஓவர்லே கோப்பு, பிரவுசர் ஜன்னலின் அந்த எக்ஸ்எம்எல்லுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொள்ளும். "இந்த ஐடி உள்ள மெனுவுக்குக் கீழே என் பொத்தானை வை, இந்த ஸ்கிரிப்டையும் சேர்த்து ஏற்று" என்று சொன்னால் போதும். ஏறிய பிறகு ஃபயர்பாக்ஸின் சொந்த நிரலுக்கும் ஆட்-ஆன் நிரலுக்கும் நடுவே சுவர் எதுவும் கிடையாது. டேப் மிக்ஸ் பிளஸ் போன்ற ஆட்-ஆன்கள், ஃபயர்பாக்ஸின் ஒரு ஃபங்ஷனை அப்படியே எழுத்துச் சரமாக மாற்றி, அதில் தமக்கு வேண்டிய வரியைத் தேடி வேறு வரியை வைத்து, மறுபடி ஈவால் செய்து (சரத்தைத் திரும்ப நிரலாக்கி) பழைய இடத்திலேயே உட்கார வைத்தன. படிக்கும்போதே வயிற்றைக் கலக்கும் வேலை. ஆனால் அப்படிச் செய்ததால்தான், டேப்பைப் பற்றி ஒருவர் கேட்கக்கூடிய அத்தனை விருப்பங்களையும் அவற்றால் தர முடிந்தது.

தமிழில் இணையம் பழகியவர்களில் பலர் அந்த வசதியை வேறு வடிவத்தில் அனுபவித்திருப்பார்கள். தமிழ்விசை என்ற ஆட்-ஆன் இருந்தால் இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவ அனுமதி இல்லாத கணினியிலும் தமிழில் தட்டலாம். தன் தன் சொந்த எழுத்துருவை வைத்துக்கொண்டு ஒருங்குறி (யுனிகோட்) பக்கமே வராத பத்திரிகைத் தளங்களை, பத்மா என்ற ஆட்-ஆன் படிக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டியது. பிரவுசர் முழுக்க எங்கே விசை அழுத்தினாலும் அதை முதலில் பிடித்துக்கொள்ளும் உரிமை பழைய ஆட்-ஆன்களுக்கு இருந்தது. இன்றைய எக்ஸ்டென்ஷனின் கன்டென்ட் ஸ்கிரிப்ட் வலைப்பக்கத்துக்குள் விசையைப் பிடிக்கும். முகவரிப் பட்டையில் தட்டுவது அதன் கண்ணுக்கே தெரியாது. விண்டோஸும் ஆண்ட்ராய்டும் தமிழ் விசைப்பலகையைத் தாமே தர ஆரம்பித்துவிட்டதால் இந்த இழப்பு யாருக்கும் உறைக்கவில்லை. ஆனாலும் இழப்பு இழப்புதான்.

சுவர் இல்லாததன் விலையை மூன்று இடங்களில் கட்ட வேண்டியிருந்தது. முதலாவது பதிப்பு மாற்றம். 2011 ஜூனிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு ஃபயர்பாக்ஸ் என்று ஆனபோது, உள்ளே ஒரு மாறியின் பெயரை மாற்றினாலும் எங்கோ ஓர் ஆட்-ஆன் உடைந்தது. தேடிய வரி கிடைக்காமல் போனால் பிழைச் செய்தியும் வராது. வேலை பாதியில் நின்றிருக்கும், அவ்வளவுதான். மொசில்லாவின் நிரலாளர்கள் உள் ஃபங்ஷன் ஒன்றை நீக்குவதற்கு முன், ஆட்-ஆன் நிரல்களை எல்லாம் திரட்டி வைத்திருந்த தேடுபொறியில் அந்தப் பெயரைப் போட்டுப் பார்ப்பது வழக்கமாகவே இருந்தது. ஆட்-ஆன்கள் பயன்படுத்தலாம் என்று வரையறுத்த இடைமுகம், அதாவது ஏபிஐ, என்று எதையும் அறிவிக்காததால், உள்ளே இருந்த எல்லாமே ஏபிஐ ஆகிவிட்டது.

இரண்டாவது மெமரி. "ஃபயர்பாக்ஸ் மெமரி தின்னுது" என்ற புகாரில் கணிசமான பங்கு ஆட்-ஆன்களுடையது. ஓர் ஆட்-ஆன் ஏதோ ஒரு பக்கத்தின் டாக்குமென்டை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு விட மறந்துவிட்டால், அந்த டேப்பை மூடிய பிறகும் பக்கம் முழுவதும் மெமரியில் கிடக்கும். இவற்றுக்கு ஜோம்பி கம்பார்ட்மென்ட் என்று பெயர். 2011-இல் நிக்கோலஸ் நெதர்கோட் தலைமையில் தொடங்கிய மெம்ஷ்ரிங்க் குழு, இவற்றை ஒவ்வொரு ஆட்-ஆனாகத் துரத்திப் பார்த்துக் களைத்துப்போய், 2012 ஆகஸ்டில் வந்த ஃபயர்பாக்ஸ் 15-இல் வேறு வழியில் போனது. பக்கம் போனதும், பிரவுசர் பக்கத்திலிருந்து அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் எல்லா இணைப்பையும் ஃபயர்பாக்ஸே வெட்டிவிடும். அதன் பிறகு ஆட்-ஆன் அந்த மாறியைத் தொட்டால் "செத்த ஆப்ஜெக்டை அணுக முடியாது" என்ற பிழை வரும். கசிவு பெரும்பாலும் நின்றது. அந்தப் பிழைச் செய்தி எரர் கன்சோலில் பல வருடம் குவிந்துகொண்டே இருந்தது.

நெதர்கோட் 2014-இல் வெளியிட்ட இன்னோர் அளவீடு இதைவிடச் சுவையானது. ஆட்பிளாக் பிளஸ் என்ற தடுப்பான் விளம்பரப் பெட்டிகளை மறைக்க மிகப் பெரிய ஸ்டைல்ஷீட் (தோற்ற விதிகளின் பட்டியல்) ஒன்றைப் பயன்படுத்தியது. அந்த ஸ்டைல்ஷீட் ஒவ்வொரு ஐஃப்ரேமுக்கும் (பக்கத்துக்குள் பதித்த குட்டிப் பக்கத்துக்கும்) தனித்தனிப் பிரதியாகப் போனது. பிரதி ஒன்றுக்கு ஏறக்குறைய 4 எம்பி. நானூறுக்கும் மேல் ஐஃப்ரேம் உள்ள ஒரு சோதனைப் பக்கம், ஆட்-ஆன் இல்லாமல் 370 எம்பி எடுத்தது. ஆட்-ஆனோடு 1,960 எம்பி. இதில் ஆட்-ஆன் எழுதியவரைக் குறை சொல்லவும் இடமில்லை. பிரவுசர் தந்த வழியைத்தான் அவர் பயன்படுத்தினார். ஒரே ஸ்டைல்ஷீட்டை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும்படி ஃபயர்பாக்ஸின் உட்புறத்தை மாற்றியபோது, 2015-இல் பதிப்பு 41-இல், அது தீர்ந்தது.

மூன்றாவதுதான் முடிவைத் தீர்மானித்தது.

சி-பவ் எனும் ஒட்டுப் போட்ட பாலம்

2008-இல் குரோம் வந்தபோதே ஒவ்வொரு டேப்பும் தனிப் பிராசஸ் (தனக்கென்று மெமரி வைத்துத் தனியாக ஓடும் நிரல்) என்ற அமைப்போடு வந்தது. ஃபயர்பாக்ஸில் எல்லா டேப்பும், மெனுவும், ஆட்-ஆனும் ஒரே பிராசஸ். அதிலும் அவற்றின் ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் ஒரே முதன்மைத் திரெட். ஒரு பக்கம் சிக்கினால் ஜன்னலே உறையும். ஃபிளாஷ் போன்ற பிளகின்களை மட்டும் 2010-இல் 3.6.4 பதிப்பில் வெளியே தள்ளினார்கள். பக்கங்களையே வெளியே தள்ளும் வேலைக்கு எலக்ட்ரோலிசிஸ் என்று பெயர். 2009-இல் ஆரம்பித்து, நடுவில் கிடப்பில் போட்டு, மறுபடி எடுத்து, 2016 ஆகஸ்டில் ஃபயர்பாக்ஸ் 48-இல்தான் சாதாரணப் பயனர்களுக்கு வரத் தொடங்கியது. ஏன் இவ்வளவு தாமதம் என்றால், முக்கியமான காரணம் ஆட்-ஆன்.

இதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பழைய ஆட்-ஆன் ஒன்று பக்கத்தில் உள்ள எல்லாச் சுட்டிகளையும் எண்ணி, ஒவ்வொன்றின் முகவரியையும் படிக்கிறது என்று வையுங்கள். பக்கத்தில் உள்ளவற்றை மொத்தமாக இறக்கித் தரும் டவுன்தெம்ஆல் செய்வது இதைத்தான். எல்லாம் ஒரே பிராசஸில் இருக்கும்போது இது மெமரியில் ஒரு எட்டு எட்டிப் பார்ப்பது, அவ்வளவே. பக்கம் வேறு பிராசஸுக்குப் போய்விட்டால் ஆட்-ஆனின் கைக்கு எதுவும் எட்டாது. ஆட்-ஆன்கள் உடையாமல் இருக்க மொசில்லா ஒரு பாலம் போட்டது. சி-பவ் என்று அதைக் கூப்பிட்டார்கள். வேறு பிராசஸில் இருக்கும் ஆப்ஜெக்டைப் போலவே நடிக்கும் ஒரு பொம்மை அது. அதில் ஒரு பண்பைப் படித்தால், மறுபக்கப் பிராசஸுக்கு ஒரு செய்தி போகும். பதில் வரும்வரை இந்தப் பக்கம் முதன்மைத் திரெட் கைகட்டி நிற்கும். 500 சுட்டி உள்ள பக்கமென்றால் 500 முறை போய் வர வேண்டும். அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் தன் சொந்த ஸ்கிரிப்டில் மூழ்கியிருந்தால், பதில் வரும்வரை மெனுவும் அசையாது, டேப்பும் மாறாது. எந்த நோயைத் தீர்க்க எலக்ட்ரோலிசிஸ் வந்ததோ, அந்த நோயை இந்தப் பாலமே திரும்பக் கொண்டுவந்தது. அதனால்தான் பதிப்பு 48-இல் எலக்ட்ரோலிசிஸ் முதலில் ஆட்-ஆன் எதுவும் இல்லாதவர்களுக்கு மட்டும் போனது.

இந்த இடத்தில்தான் முடிவு எடுக்கப்பட்டது என்பது என் கணிப்பு. பாலத்தை வைத்துக்கொண்டு பல பிராசஸ் ஃபயர்பாக்ஸ் சாத்தியமில்லை. பாலத்தை எடுத்தால் பழைய ஆட்-ஆன் சாத்தியமில்லை. 2015 ஆகஸ்டிலேயே சூல் ஆட்-ஆன்களை நிறுத்தப்போவதாக மொசில்லா அறிவித்துவிட்டது. 2017 நவம்பர் 14 அன்று பதிப்பு 57 வந்தது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட, பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓடும் புதிய சிஎஸ்எஸ் எஞ்சின் அதில் இருந்தது. பழைய ஆட்-ஆன் எதுவும் இல்லை.

செய்தது சரி. செய்த விதத்தில் குறை உண்டு. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தும், மாற்று ஏபிஐகள் பல கடைசி நேரத்தில்தான் வந்தன. சில வரவே இல்லை. பக்கங்களின் ஸ்கிரிப்டைத் தடுக்கும் நோஸ்கிரிப்டின் புதிய பதிப்பு, ஃபயர்பாக்ஸ் 57 வந்து சில நாள் கழித்துத்தான் வந்தது. டேப்பை மறைக்கும் ஏபிஐ எல்லோருக்கும் கிடைக்க 2018 ஜூனில் பதிப்பு 61 வர வேண்டியிருந்தது. டவுன்தெம்ஆல் 2019-இல்தான் திரும்பியது. டேப்களைப் பக்கவாட்டில் அடுக்கிக் காட்டும் ட்ரீ ஸ்டைல் டேப் பயன்படுத்துபவர்கள், மேலே உள்ள டேப் வரிசையை மறைக்க, ஃபயர்பாக்ஸின் தோற்றத்தை மாற்றும் யூசர்குரோம் சிஎஸ்எஸ் கோப்பைக் கையால் எழுத வேண்டியிருந்தது. பதிப்பு 69-இலிருந்து அந்தக் கோப்பைப் படிப்பதற்கே அபௌட்:கான்ஃபிக் என்ற உள் அமைப்புப் பக்கத்தில் ஓர் அமைப்பைத் தேடி இயக்க வேண்டும். செங்குத்து டேப்பை ஃபயர்பாக்ஸே தந்தது 2025 மார்ச்சில், பதிப்பு 136-இல். ஏழு வருடத்துக்கும் மேல்!

குரோமின் கணக்கு

இப்போது குரோமுக்கு வருவோம். குரோமில் எக்ஸ்டென்ஷன் முதல் நாளிலிருந்தே தனிப் பிராசஸ். யுபிளாக் ஆரிஜின் பயன்படுத்திய வெப் ரெக்வெஸ்ட் ஏபிஐ எப்படி நடக்கும் என்றால்: பக்கம் ஒரு கோரிக்கையை அனுப்பப் போகிறது, பிரவுசர் அதை நிறுத்தி வைத்து எக்ஸ்டென்ஷன் பிராசஸுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது, எக்ஸ்டென்ஷன் "விடு" அல்லது "தடு" என்கிறது. காத்திருப்பது அந்த ஒரு கோரிக்கை மட்டும்தான். மெனு காத்திருக்காது, டேப் காத்திருக்காது. சி-பவ் செய்த காரியத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் எல்லாமே இதற்குள் அடங்கிவிடுகிறது.

காத்திருப்பு எவ்வளவு? 2019 பிப்ரவரியில் கோஸ்ட்ரி என்ற தடுப்பானின் தரப்பு முன்னணித் தடுப்பான்களை அளந்து பார்த்து, ஒரு கோரிக்கை பற்றி முடிவெடுக்க ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவாகத்தான் ஆகிறது என்று வெளியிட்டது. அவர்களும் தடுப்பான் விற்பவர்கள்தான், அதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆனால் அந்த எண்ணைப் பொய்யாக்கும் அளவீடு ஒன்றும் கண்ணில் படவில்லை. தடுக்கப்பட்ட கோரிக்கைகளால் மிச்சமாகும் நேரம் வேறு இருக்கிறது. ஆகவே வேகம் என்ற காரணம் நிற்காது.

பாதுகாப்பு? எக்ஸ்டென்ஷன் எல்லா முகவரியையும் பார்க்கிறது, அது ஆபத்து என்கிறார்கள். உண்மை. ஆனால் மேனிஃபெஸ்ட் வி3 நீக்கியது தடுக்கும் உரிமையை. வேடிக்கை பார்க்கும் உரிமை அப்படியே இருக்கிறது. உளவு பார்க்க நினைக்கும் எக்ஸ்டென்ஷன் இன்றும் எல்லாக் கோரிக்கையையும் பார்க்கலாம். தடுக்க மட்டும் முடியாது. உளவாளிக்குத் தடுக்கும் உரிமை எதற்கு? இந்த ஒரு விஷயத்தில் கூகுளின் வாதம் நொண்டுகிறது.

அதே வி3-இல் கூகுளின் பக்கம் முழு நியாயம் உள்ள பகுதியும் உண்டு. எக்ஸ்டென்ஷன் தன் நிரலை வெளி சர்வரிலிருந்து இறக்கி ஓட்டக் கூடாது என்ற விதி அது. பயன்படாத டேப்களைத் தூங்க வைக்கும் தி கிரேட் சஸ்பெண்டர் எக்ஸ்டென்ஷனின் கதை பலருக்கு நினைவிருக்கும். 2020-இல் கை மாறி, புதிய உரிமையாளர் உள்ளே வேறு சரக்கை நுழைத்து, 2021 பிப்ரவரியில் கூகுள் அதை மால்வேர் என்று முடக்கியது. தளங்களின் தோற்றத்தை மாற்றும் ஸ்டைலிஷ் 2018-இல் மாட்டியது வேறு விதம்: பயனர்கள் போன பக்கங்களின் முகவரிகளைத் திரட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. நல்ல எக்ஸ்டென்ஷன் விலைக்குப் போவதுதான் இந்தத் துறையின் உண்மையான நோய். அதற்கு இந்த விதி முழு மருந்தில்லை, ஆனாலும் மருந்துதான். ஸ்டைலிஷுக்குப் பதில் ஸ்டைலஸ் போட்டுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள்.

தடுக்கும் உரிமைக்குப் பதிலாக வந்தது விதிப்பட்டியல் முறை. எக்ஸ்டென்ஷன் முன்கூட்டியே விதிகளை எழுதிக் கொடுத்துவிட வேண்டும், தடுப்பதை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு 30,000 விதிகள் உறுதி. அதற்கு மேல் வேண்டுமென்றால் எல்லா எக்ஸ்டென்ஷன்களும் பங்கு போடும் பொதுக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் விதிகளுக்கு உச்சவரம்பு 1,000. ஆப்பிள் இதே யோசனையை 2015-இல் ஐஓஎஸ் 9-இலேயே கொண்டுவந்தது. அப்போது யாரும் குதிக்கவில்லை, ஏனென்றால் அங்கே பறிபோக முன்னால் எதுவும் இருந்ததில்லை. இந்த முறையில் எழுதப்பட்ட யுபிளாக் ஆரிஜின் லைட், சாதாரணச் செய்தித் தளங்களுக்குப் போதும். ஆனால் அதில், எதைத் தடுப்பது என்று சொல்லும் வடிகட்டிப் பட்டியல் எக்ஸ்டென்ஷன் புதுப்பிப்போடுதான் வரும். காலையில் ஒரு தளம் உத்தியை மாற்றினால் மாலைக்குள் பட்டியலை மாற்றிக்கொள்ளும் பழைய வேகம் கிடையாது. பழைய முறை எக்ஸ்டென்ஷன் வைத்திருந்தவர்களுக்கு 2024 ஜூனில் குரோமில் எச்சரிக்கை காட்டத் தொடங்கினார்கள். 2025-இல் குரோம் 139 வந்தபோது, நிறுவனங்களுக்கென்று விட்டு வைத்திருந்த கடைசி விலக்கும் போயிற்று.

எக்ஸ்டென்ஷன் எழுதுபவர்களுக்கு ஒரு விஷயம். வி3-இல் பின்னணிப் பக்கத்துக்குப் பதில் சர்வீஸ் ஒர்க்கர். 30 விநாடி வேலை இல்லாமல் இருந்தால் குரோம் அதை அணைத்துவிடும். குளோபல் மாறிகளில் வைத்திருந்ததெல்லாம் போய்விடும். மெமரி மிச்சம் என்ற வகையில் நல்லதுதான். ஆனால் பாதிப் பேர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: ஸ்டோரேஜிலிருந்து அமைப்புகளைப் படித்து முடித்த பிறகு, அந்த அவெயிட்டுக்குக் கீழே லிஸனரைப் பதிவு செய்கிறார்கள். ஒர்க்கர் தூங்கி எழும்போது, எழுப்பிய நிகழ்வு வந்துசேரும் நேரத்தில் லிஸனர் இன்னும் பதிவாகியிருக்காது. நிகழ்வு காற்றோடு போய்விடும். சோதிக்கும்போது டெவ்டூல்ஸ் திறந்திருப்பதால் ஒர்க்கர் தூங்கவே தூங்காது, பிழையும் வராது. பயனர் கையில் போனதும் "சில சமயம் வேலை செய்யவில்லை" என்று ஒற்றை நட்சத்திரம் விழும். லிஸனர்களை எல்லாம் கோப்பின் மேல்மட்டத்தில், எதற்கும் காத்திருக்காமல் பதிவு செய்யுங்கள். அமைப்புகளை லிஸனருக்குள் போய்ப் படியுங்கள். நீண்ட நேர டைமருக்கு செட்டைம்அவுட் வேண்டாம், அலாரம் ஏபிஐ. ஃபயர்பாக்ஸ் தன் வி3-இல் சர்வீஸ் ஒர்க்கருக்குப் பதில் ஈவென்ட் பேஜ் வைத்திருக்கிறது. அதுவும் 30 விநாடியில் அணையும், விதி அங்கேயும் அதேதான். தடுக்கும் வெப் ரெக்வெஸ்ட் அங்கே வி3-இலும் தொடர்கிறது.

மொசில்லாவும் சாவியைத் தொலைத்த இரவு

இதுவரை படித்துவிட்டு ஃபயர்பாக்ஸ் ரசிகர்கள் மார்தட்ட வேண்டாம். ஏனென்றால் 57-க்கு முன்பே மொசில்லா இன்னொரு மாற்றத்தைச் செய்திருந்தது. பதிப்பு 48-இலிருந்து மொசில்லாவின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ஆட்-ஆன் வழக்கமான ஃபயர்பாக்ஸில் ஓடாது. அதை அணைக்கும் அமைப்பு டெவலப்பர் எடிஷன், நைட்லி, ஈஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவு) பதிப்புகளில் மட்டும்தான் மதிக்கப்படும். 2019 மே 4 அன்று, யுடிசி கணக்கில் நள்ளிரவு தாண்டியதும், அந்தக் கையெழுத்துச் சங்கிலியின் நடுவில் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானது. ஃபயர்பாக்ஸ் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கையெழுத்தைச் சரிபார்க்கும் என்பதால், உலகெங்கும் கணினிகளில் ஒவ்வொன்றாக எக்ஸ்டென்ஷன்கள் அணைந்தன. அடையாளம் தெரியாமல் உலவ உதவும் டார் பிரவுசரில் நோஸ்கிரிப்ட் அணைந்தது. அதை நம்பி உயிரைப் பணயம் வைத்திருப்பவர்களுக்கு இது விளையாட்டில்லை. கணக்குகளைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் மல்டி அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் அணைந்தபோது பலருடைய கன்டெய்னர் தரவே அழிந்துபோனது.

தீர்வு கெட்டிக்காரத்தனமானது. 15,000-க்கும் மேற்பட்ட ஆட்-ஆன்களுக்கு மறுபடி கையெழுத்துப் போட நேரமில்லை. அதனால் காலாவதியான சான்றிதழின் அதே பெயரும் அதே பொதுத் திறவியும் கொண்டு, தேதி மட்டும் தள்ளிப்போட்ட புதிய சான்றிதழ் ஒன்றை உருவாக்கினார்கள். ஃபயர்பாக்ஸின் சான்றிதழ்க் கிடங்கில் அது ஏறிவிட்டால், பழைய கையெழுத்துகள் எல்லாம் அதன் வழியாகவே செல்லுபடியாகும். அதை ஏற்றும் வேலையைச் செய்யும் சிறு எக்ஸ்டென்ஷனுக்குப் புதிய சான்றிதழால் கையெழுத்திட்டு, ஆய்வுகளுக்கென்று வைத்திருந்த ஸ்டடீஸ் வழியாக அனுப்பினார்கள். இங்கேதான் கசப்பு. தனியுரிமைக்காக டெலிமெட்ரியை (மொசில்லாவுக்குப் பயன்பாட்டுத் தரவு அனுப்புவதை) அணைத்து வைத்தவர்களிடம் ஸ்டடீஸ் கிடையாது. யார் தனியுரிமையில் அதிக அக்கறை காட்டினார்களோ அவர்கள் மறுநாள் 66.0.4 வரும்வரை எக்ஸ்டென்ஷன் இல்லாமல் இருந்தார்கள். திருத்தத்துக்காக வேண்டா வெறுப்பாக டெலிமெட்ரியை இயக்கியவர்களும் உண்டு என்பதால், அந்த வாரத்தில் சேர்ந்த தரவை மொசில்லா அழித்துவிட்டது.

கேள்வி கேட்டவருக்கு மீதிப் பாதிப் பதில் இதுதான். எக்ஸ்டென்ஷன் செய்யக்கூடிய தீங்கைக் குறைக்கப் போட்ட பூட்டும் ஒரு நாள் எல்லோரையும் வெளியே நிறுத்தும். இது கூகுளுக்கு மட்டும் உரிய குற்றமில்லை. 2025 மார்ச் 14 அன்று மொசில்லாவின் மூலச் சான்றிதழ் ஒன்றும் காலாவதியானது. இந்தமுறை வெகு முன்கூட்டியே அறிவித்தார்கள். விண்டோஸ் 7 அல்லது 8.1 வைத்திருப்பவர்கள் ஈஎஸ்ஆர் 115.13-க்குக் கீழே இருந்தால் உடனே ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன்கள் அணைந்து கிடக்கும், காரணமும் புரியாது.

பழுது பார்க்கும் வரிசை

பிரவுசர் தொங்குகிறது, சூடாகிறது, மெமரி ஏறுகிறது என்றால், பிரவுசரையே புதிதாக்கும் ரீஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ் பொத்தானை முதலில் அழுத்தாதீர்கள். அது எக்ஸ்டென்ஷன்களையெல்லாம் துடைத்துவிடும். எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஃபயர்பாக்ஸில் ஹெல்ப் மெனுவிலிருந்து டிரபிள்ஷூட் மோடில் திறந்து பாருங்கள். அங்கே கோளாறு இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன்தான் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். டிரபிள்ஷூட் மோட் எக்ஸ்டென்ஷன்களோடு ஹார்டுவேர் ஆக்சலரேஷன், யூசர்குரோம் கோப்பு, தீம் எல்லாவற்றையும் சேர்த்தே அணைக்கிறது. ஆகவே வழக்கமான முறையில் திறந்து ஹார்டுவேர் ஆக்சலரேஷனை மட்டும் அணைத்து ஒருமுறை பார்க்க வேண்டும். அதன் பிறகும் கோளாறு இருந்தால் எக்ஸ்டென்ஷன்களில் பாதியை அணையுங்கள். கோளாறு எந்தப் பாதியில் இருக்கிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். பதினாறு இருந்தாலும் நாலு சுற்றில் முடிந்துவிடும்.

மெமரிக் கணக்கில் ஒரு மயக்கம் உண்டு. ஃபயர்பாக்ஸ் எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் ஒரே பிராசஸில் வைக்கிறது. அபௌட்:புராசஸஸ் பக்கத்தில் அது ஒரே வரியாகத்தான் தெரியும். குரோமில் ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்தினால் வரும் டாஸ்க் மேனேஜரில் ஒவ்வொன்றும் பெயரோடு தனி வரி. ஆனால் இரண்டிலுமே கன்டென்ட் ஸ்கிரிப்டின் செலவு அந்த வரியில் வராது, டேப்பின் கணக்கில் ஏறிவிடும். இலக்கணம் திருத்தும் எக்ஸ்டென்ஷன், விலை ஒப்பிடும் எக்ஸ்டென்ஷன் போன்றவை எல்லாப் பக்கத்திலும், பல சமயம் எல்லா ஐஃப்ரேமிலும், ஒரு பிரதி இறக்குகின்றன. பக்கம் முழுவதையும் கவனிக்கும் மியூட்டேஷன் அப்சர்வர் ஒன்றையும் வைத்துவிட்டால், முடிவில்லாமல் உருளும் சமூக ஊடகப் பக்கத்தில் ஒவ்வொரு புதிய பதிவுக்கும் அது கிளம்பும். அதனால் "இந்தத் தளம் ரொம்ப கனம்" என்று தோன்றினால், ஒரு தனியுரிமை ஜன்னலில் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் அதே பக்கத்தைத் திறந்து அந்த இரண்டு டேப்களின் வரிகளையும் ஒப்பிடுங்கள். குரோமில் அந்த வகை எக்ஸ்டென்ஷனின் ஐகானை ரைட் கிளிக் செய்து, கிளிக் செய்யும்போது மட்டும் தளத்தைப் படிக்கலாம் என்று மாற்றினாலே பாதி பாரம் இறங்கும்.

உண்மையிலேயே கிராஷ் ஆகிறது என்றால் எக்ஸ்டென்ஷனைச் சந்தேகிப்பது பெரும்பாலும் வீண். இன்றைய எக்ஸ்டென்ஷனுக்குப் பிரவுசரைக் கவிழ்க்கும் அளவுக்கு உள்ளே இடமில்லை. விண்டோஸில் அபௌட்:தேர்ட்-பார்ட்டி பக்கத்தைத் திறந்தால், ஆன்டிவைரஸ், கிராபிக்ஸ் ஓவர்லே என்று ஃபயர்பாக்ஸுக்குள் நுழைந்திருக்கும் வெளி டிஎல்எல்கள் தெரியும். முதல் சந்தேகம் அங்கேதான்.

இரண்டு விளம்பரத் தடுப்பான்களை ஒன்றாக வைப்பது பலர் செய்யும் வேலை. கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். யுபிளாக் ஆரிஜின் சில ஸ்கிரிப்டுகளைத் தடுக்காமல், அவற்றுக்குப் பதில் வெற்று ஸ்கிரிப்ட் ஒன்றைத் திருப்பித் தரும், தளம் ஏமாற வேண்டும் என்பதற்காக. இன்னொரு தடுப்பான் அதே கோரிக்கையை "ரத்து" என்றால், வெப் ரெக்வெஸ்ட் விதிப்படி ரத்துதான் வெல்லும். வெற்று ஸ்கிரிப்ட் போகாது, தளம் கண்டுபிடித்து "தடுப்பானை அணையுங்கள்" என்று திரையை மறைக்கும். ஒன்று போதும்.

குரோமிலிருந்து ஃபயர்பாக்ஸுக்கு மாறுகிறவர்கள், முன்பு யுபிளாக்கின் செட்டிங்ஸ் பக்கத்திலிருந்து எடுத்து வைத்த பேக்கப் கோப்பை அங்கே ரெஸ்டோர் செய்தால் சொந்த வடிகட்டிகளும் விலக்குகளும் அப்படியே வந்துவிடும். பிறகு ஃபில்டர் லிஸ்ட்ஸ் பக்கத்தில் ஒரு பெட்டியைப் பாருங்கள்: பட்டியல்கள் எல்லாம் ஏறி முடியும்வரை நெட்வொர்க்கை நிறுத்தி வைப்பது. ஃபயர்பாக்ஸில் அது ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். பழைய கணினியில் பிரவுசர் திறந்ததும் முதல் பக்கம் சில விநாடி வெள்ளையாக நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். டிக்கை எடுத்தால் பக்கம் உடனே வரும். ஆனால் போன முறை திறந்து வைத்திருந்த டேப்கள் திரும்ப ஏறும்போது, அவற்றின் முதல் கோரிக்கைகள் வடிகட்டப்படாமல் போய்விடும்.